கொல்லையில் ஒரு பப்பாளி

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். பாதி வெட்டி, விதையைச் சுரண்டிய ஒரு பப்பாளி, தட்டுப் போட்டு மூடி, மூன்று நாளாக யாரும் தொடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். மாம்பழத்துக்கு இந்தக் கதி வருமா? பலாச்சுளை இருந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட எழுந்து வந்து தின்பார்கள். பப்பாளி மட்டும்தான் ‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லி வாங்கப்பட்டு, ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று தள்ளி வைக்கப்படும் பழம்.

நானும் தொடாதவன்தான். 1981ல் விட்டவன், 2009 வரைக்கும் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. கல்யாணப் பந்தியில் ஃப்ரூட் சாலட் வந்தால் ஆரஞ்சு நிறத் துண்டுகளை மட்டும் பொறுக்கி இலையோரம் ஒதுக்குவேன். பக்கத்து இலைக்காரர் ‘என்ன சார், சளி பிடிக்குமா?’ என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன்.

சளி இல்லை. காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் மரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக அது நின்றது. யாரும் நட்டதில்லை. காக்கா எச்சத்தில் முளைத்தது. சோப்புத் தண்ணீரைக் குடித்தே ஒரே வருஷத்தில் ஓட்டுக்கு மேலே தலையை நீட்டிவிட்டது. மரம் என்று சொல்கிறோமே தவிர, தாவரவியல்காரர்களைக் கேட்டால் அது மரமே இல்லை, பெரிய செடி என்பார்கள். உள்ளே வைரம் பாய்வதில்லை. தண்டு பொந்து. அதனால்தான் ‘முருங்கையிலும் பப்பாளியிலும் ஏறாதே’ என்று எங்கள் அப்பத்தா தினமும் ஒரு தடவை மிரட்டி வைப்பாள்.

இன்னொரு சங்கதி, பப்பாளியில் ஆண், பெண் உண்டு. இரண்டும் ஒரே பூவில் இருக்கிற மரமும் உண்டு. நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூ தொங்கினால் அது ஆண். காய்க்காது. நம் ஊரில் அதை வெட்டிவிட்டு மறுவேலை பார்ப்பார்கள். வேறு ஊர்களில் எப்படியோ, எங்கள் கொல்லையில் பெண்தான் முளைத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் எங்கேயோ ஒரு ஆண் நின்றிருக்க வேண்டும். அந்த மரம் கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி காய்த்தது.

1981 ஆடி மாசம். எனக்குப் பதினோரு வயது. மாசியில் கல்யாணமாகிப் போன அக்கா, ஆடிக்கு அழைத்து வரப்பட்டாள். மூன்று மாசம் முழுகாமல் இருந்தாள். வீட்டில் அவளுக்கு ராஜ உபசாரம். அதே சமயம் ஏகப்பட்ட ‘கூடாது’களும் இருந்தன. எள்ளுருண்டை கூடாது, அன்னாசி கூடாது, கருப்பட்டி அளவோடு. எல்லாவற்றுக்கும் மேலே, கொல்லைப் பக்கம் போனால் அந்த மரத்தை அண்ணாந்தும் பார்க்கக் கூடாது.

கூடாது என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம். அப்பத்தா திண்ணையில் தூங்குகிறாள், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். அக்கா என் காதில் சொன்னாள்: “தம்பி, மேல ஒண்ணு பழுத்திருக்குடா. காக்கா கொத்தியிருக்கு பாரு. காக்கா கொத்தினா இனிக்கும்.”

நான் கொடிக்கம்பை எடுத்து நெம்பினேன். அக்கா முந்தானையை விரித்துப் பிடித்தாள். பழம் ‘தொப்’பென்று அவள் மடியில் விழுந்தது. காக்கா கொத்திய இடத்தை அறுத்து எறிந்துவிட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு இரண்டு பேரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தின்றோம். அவளுக்கு மூன்று கீற்று, எனக்கு மிச்சமெல்லாம். தோலையும் விதையையும் வாய்க்காலில் தள்ளித் தண்ணீர் விட்டாயிற்று. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது இருபத்தியோரு வயது.

நாலாம் நாள் விடிகாலையில் அவளுக்கு உதிரம் பட ஆரம்பித்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா மட்டும் அழுதாள். அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

‘என்ன தின்னே? என்ன தின்னே?’ என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா வாய் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். பயத்தில் சொன்னேனா, உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேனா, இப்போது ஞாபகமில்லை. “பப்பாளி தின்னோம் அப்பத்தா. நான்தான் பறிச்சேன்.”

அப்பா ஒன்றும் பேசாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இரண்டே வெட்டு. அவ்வளவு காயைத் தாங்கிக்கொண்டிருந்த மரம் சாய்ந்தபோது, உள்ளே ஒன்றுமே இல்லை. வெட்டுவாயிலிருந்து தண்ணியாகப் பால் வடிந்தது.

விஷயம் சம்பந்தி வீட்டுக்கும் போயிற்று. ‘எம் மகன் வாரிசைப் பப்பாளிக்குத் தின்னு தீத்துட்டா’ என்றார் அக்காவின் மாமியார். பிறகு அக்காவுக்கு 1984ல் பெண்ணும், 1989ல் பையனும் பிறந்தார்கள். ஆனாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சண்டை என்று வந்தால், அது குழம்பில் உப்புக் கூடிய சண்டையாக இருந்தாலும், கடைசியில் பப்பாளியில்தான் போய் முடியும். பையன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, ‘மூத்தது இருந்திருந்தா இப்ப எட்டு வயசு’ என்று யாரோ சொன்னார்கள். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

நான் பப்பாளியைத் தொடாத கதை இதுதான்.

*

2009ல் எனக்கு இரண்டு வியாதி. ஒன்று, சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இன்னொன்று, சபையில் சொல்லக் கூடாதது. காலையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படித்து முடித்தாலும் பலன் இருக்காது. புரிந்திருக்கும்.

எங்கள் பேட்டையில் ஒரு லேடி டாக்டர். மருந்து எழுதுவதைவிட அதிகமாகப் பேசுவார். ஃபீஸ் குறைவு, திட்டு அதிகம். “மாத்திரையெல்லாம் அப்புறம் பாக்கலாம். தண்ணி குடிங்க, நடங்க, தினம் ஒரு கிண்ணம் பப்பாளி சாப்பிடுங்க” என்றார்.

“அது மட்டும் வேண்டாம் டாக்டர்.”

“ஏன்?”

எந்த டாக்டரிடமும் சொல்லாததை அன்றைக்கு ஏனோ சொல்லிவிட்டேன். வெளியே பத்துப் பேர் டோக்கனோடு காத்திருக்க, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் முதல் கேள்வி: “பழமா, காயா?”

“பழம். காக்கா கொத்தினது.”

“காக்கா நம்மளவிட விவரம். காயை ஏன் கொத்தப்போகுது?” என்றவர், பிறகு நிதானமாகச் சொன்னார். நான் அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் வீட்டிலும் ஒரு அக்கா இருக்கலாம்.

கரு உறுதியானவர்களில், நூறு பேருக்குப் பத்து முதல் இருபது பேருக்கு அது தங்குவதில்லை. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போய்விடுகிறது. அப்படிப் போவதில் பாதி அல்லது அதற்கும் மேலே குரோமோசோம் கணக்குப் பிசகினால் வருவது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வரவேண்டிய குரோமோசோம்களில் ஒன்று கூடிவிடுகிறது, அல்லது குறைந்துவிடுகிறது. கரு உண்டாகும்போதே நடந்துவிட்ட பிசகு அது. அந்தக் கருவால் வளர முடியாது. தாய் படியில் ஏறியதோ, பாரம் தூக்கியதோ, பஸ்ஸில் குலுங்கியதோ அதற்குக் காரணம் இல்லை.

“சரி டாக்டர், அப்ப பப்பாளின்னு ஊரே சொல்லுதே?”

ஊர் சும்மா சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறது என்றார். பப்பாளிக்காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வருமில்லையா, அதில்தான் இருக்கிறது விவகாரம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு எலிகளை வைத்துச் சோதித்து, 2002ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன்’ இதழில் எழுதினார்கள். எலியின் கர்ப்பப்பைத் தசையைத் தனியே எடுத்து, காய்ப்பாலைச் சேர்த்தபோது அது இழுத்துப் பிடித்துச் சுருங்கியது. பழச்சாற்றைச் சேர்த்தபோது குறிப்பிடும்படி ஒன்றும் ஆகவில்லை. சினை எலிகள் பழத்தைத் தின்றும் குட்டிகளுக்குக் கேடு வரவில்லை. ஆகவே காயும் அரைப்பழமும் கர்ப்பிணிக்கு வேண்டாம், நன்றாகப் பழுத்ததை அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை என்றுதான் அவர்கள் முடித்தார்கள். எலி வேறு, மனுஷி வேறு என்பதையும் டாக்டர் மறக்காமல் சொன்னார்.

“அப்ப எங்க அக்காவுக்கு...?”

“அன்னைக்கு என்ன நடந்ததுன்னு இன்னைக்கு நான் நூறு சதவிகிதம் சொல்ல முடியாது சார். ஆனா பழுத்த பழம், மூணு கீத்து, நாலு நாள் கழிச்சு. பெரும்பாலும் அந்தக் கரு அதுக்கு முன்னாடியே நின்னு போயிருக்கும். நீங்க பறிக்கலேன்னாலும் போயிருக்கும்.”

வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

*

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பழம் வாங்கினேன். அப்புறம் எனக்கே உரிய வழக்கப்படி அதைப் பற்றிப் படிக்கவும் ஆரம்பித்தேன்.

முதல் ஆச்சரியம், நம்மூர்ச் சரக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பப்பாளி அசலூர்க்காரன். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் சொந்த ஊர். ஸ்பானியர்கள் அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயிருந்து மலாக்கா வழியாக இந்தியாவுக்கு வந்தது என்று லின்ஷோட்டன் என்ற டச்சுக்காரர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம்முடைய முக்கனியில் அதற்கு இடமில்லாததில் வியப்பில்லை. கன்னடத்தில் ‘பரங்கி ஹண்ணு’ என்கிறார்கள், பறங்கியர் பழம் என்று. நாமோ ‘பறங்கி’யைப் பூசணியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் ‘பப்பாசி’. கேரளத்தில் சில ஊர்களில் ‘கப்பளங்கா’. கப்பலில் வந்த காய் என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள்.

வந்து நானூறு வருஷத்துக்குள் அந்தப் பழம் நம் பாட்டிமார் வாயில் ‘சூடு’ என்று பெயர் வாங்கிவிட்டது. 1970களில் ஃபெர்ரோ-லூசி என்ற மானுடவியல் ஆய்வாளர், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் எதையெல்லாம் ஒதுக்குகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். அதில் பப்பாளிக்கு முக்கியமான இடம் உண்டு. உலகத்திலேயே அதிகமாகப் பப்பாளி விளைகிற நாடு இந்தியா என்பதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

நல்லதைச் சொல்லு, நல்லதைச் சொல்லு என்று நீங்கள் அவசரப்படுவது கேட்கிறது.

நூறு கிராம் பப்பாளியில் கலோரி நாற்பது சொச்சத்தைத் தாண்டாது. மாம்பழத்தில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். வைட்டமின் சி 40லிருந்து 60 மில்லிகிராம் வரை. அதாவது ஒரு கிண்ணம் சாப்பிட்டால் அன்றைய தேவை கிட்டத்தட்ட முடிந்தது. ஆரஞ்சு கிலோ என்ன விலை, பப்பாளி என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து, தண்ணீர்ச்சத்து இரண்டும் சேர்ந்துதான் என் காலை நேரப் பிரச்னையைத் தீர்த்தன. இரண்டே வாரத்தில் நான் தலைப்புச் செய்தியோடு பேப்பரை மடிக்க ஆரம்பித்தேன்.

ஆனால் அதன் நிஜமான பெருமை நிறத்தில் இருக்கிறது. மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கிறதே, அது பீட்டா கரோட்டின் முதலான சமாசாரங்கள். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். செக்கச்செவேல் என்று இருக்கும் ரகங்களில், தக்காளியில் இருக்கிற லைக்கோபீனும் சேர்கிறது. கண்ணுக்குக் கேரட் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேரட்டில் கரோட்டின் அதிகம்தான், சந்தேகமில்லை. ஆனால் தின்பதெல்லாம் ரத்தத்தில் சேர வேண்டுமே! 2014ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆட்களுக்குக் கேரட், தக்காளி, பப்பாளி மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பப்பாளியில் உள்ள பீட்டா கரோட்டின் மற்ற இரண்டையும்விட ஏறக்குறைய மூன்று மடங்கு நன்றாகச் சேர்ந்தது. கேரட்டில் அது கெட்டியான படிகமாக அடைபட்டுக் கிடக்கிறது, பப்பாளியில் உடம்புக்குச் சுலபமாகக் கிடைக்கும் வடிவில் இருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976ல் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அதற்கு முன்பே அரசு மருத்துவமனையில் இருந்த காலத்தில், சத்துக் குறைவால் பார்வை போகிற குழந்தைகளுக்காகவே ஓர் ஊட்டச்சத்து மையம் நடத்தினார். வைட்டமின் ஏ இல்லாமல் பிள்ளைகளின் கருவிழி உருகிப்போன காலம் அது. எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். என் வயதுதான். எங்கள் கொல்லையிலோ மரம் நிறையப் பழம், பாதியைக் காக்கா தின்றது.

சமையல்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கறி வேகவில்லை என்றால் அம்மா ஒரு துண்டுப் பப்பாளிக்காயைக் குழம்பில் போடுவாள். ஆட்டுக் கிடா கிழடாக இருந்தாலும் பஞ்சாகிவிடும். காய்ப்பாலில் இருக்கும் பப்பைன் என்ற என்சைம் புரதத்தை வெட்டிப் போடுகிறது. இந்தப் பாலுக்காகவே காயைக் கீறி எடுப்பவர்கள் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அதற்கென்றே கோ 2 போன்ற ரகங்களைக் கொடுத்திருக்கிறது. கடைகளில் சிவப்பாக, நீளமாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகிற ரெட் லேடி தைவான் ரகம். பார்க்க அழகு. ருசியில் எங்கள் கொல்லைப் பழத்துக்குக் கிட்டே வராது என்பது என் கட்சி. ‘பப்பாளி சாப்பிட்டா ஜீரணமாகும், அதுல பப்பைன் இருக்கு’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழுக்கப் பழுக்கப் பப்பைன் குறைந்துவிடும். பழத்தில் வேலை செய்வது நார்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2012ல் டெங்கு பரவியபோது தமிழ்நாட்டில் பப்பாளி மரங்கள் மொட்டையாக நின்றது ஞாபகம் இருக்கிறதா? இலைச்சாறு தட்டணுக்களைக் கூட்டுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கட்டும். ஆனால் டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுவதுதான். அதற்கு வேண்டியது சரியான நேரத்தில் சரியான அளவு திரவம். சாற்றைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே காத்திருப்பது ஆபத்து. அதேபோல ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பப்பாளியும் அரிக்கலாம். சர்க்கரைக்காரர்கள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் சோற்றுக்கு மேலே வேண்டாம். தினமும் கிலோக் கணக்கில் சாப்பிட்டு உள்ளங்கை மஞ்சளானால் காமாலை என்று அலறாதீர்கள், அது கரோட்டின். கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் மட்டும் அலறுங்கள்.

அந்த விதையைத் தூக்கி எறிகிறீர்களே, அதைக் காயவைத்து மிளகில் கலக்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் போடுங்கள். மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும்.

*

இவ்வளவும் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

பல தடவை மதுரைக்குப் போயிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பழைய கதையெல்லாம் பேசியிருக்கிறோம். அந்த ஒன்றை மட்டும் எடுக்க நாக்கு வராது. ஆறிய புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யார் கேட்கப் போகிறார்கள்?

2024ல் அக்கா மருமகளுக்கு ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தது. தகவல் தெரிந்து நானும் என் மனைவியும் போனோம். அந்தப் பெண் உள் அறையில் படுத்திருந்தாள். ஐ.டி. வேலை, கெட்டிக்காரி. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து ‘வாங்க மாமா, வாங்கத்தை’ என்றாள். முகம் வீங்கியிருந்தது.

அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆபீஸ் கேன்டீன்ல அன்னாசிப்பழ ஜூஸ் குடிச்சிருக்காடா. கேட்டதுக்கு அவளே சொல்றா. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒண்ணு சொன்னா ஏறுதா? ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருந்தா...”

நான் அவளையே பார்த்தேன். அறுபத்து நாலு வயது, நரைத்த தலை, சுங்குடிச் சேலை. அப்பத்தா நின்ற மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அவகிட்ட இப்படிக் கேட்டியாக்கா?”

“கேட்டா என்ன தப்பு? எங்கிட்ட எத்தனை பேரு கேட்டாக.”

அங்கேயே, குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். குரோமோசோம் என்ற சொல்லை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “விதை நெல்லு பதரா இருந்தா எந்த வயல்லயும் முளைக்காதுக்கா. அதுக்கு வயலு என்ன பண்ணும்?” என்றேன். காய்ப்பாலையும் பழத்தையும் சொன்னேன். சிங்கப்பூர் எலிகளைச் சொன்னேன். காக்காயைச் சொன்னேன்.

அவள் ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை.

“அப்ப நான் ஒண்ணும் பண்ணலையா?”

“இல்லக்கா.”

“நீயும்?”

“நானும்தான்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். டாக்டர் சொன்ன அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தையை நான் அவளிடம் சொல்லவில்லை.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“பதினஞ்சு வருஷம் ஆச்சு.”

அவள் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏன்டா சொல்லல?”

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் மேலே எழுதினேனே, ஆறிய புண் என்று, அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். மருமகள் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. யார் பேசுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. குக்கர் நாலாவது விசில் அடித்தபோது நான்தான் போய் ஸ்டவ்வை அணைத்தேன்.